கடல் நடுவே ஒரு பாறையைத் தேடி

1922 மார்ச் 30 அன்று லிஸ்பனிலிருந்து ஒரு மிதவை விமானம் பிரேசிலை நோக்கிக் கிளம்பியது. ஓட்டியவர் சக்கதூரா கப்ரால். வழி சொன்னவர் காகோ கூட்டின்யோ; வயது 53, ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் நில அளவை செய்தவர். இருவருமே போர்ச்சுகல் கடற்படை அதிகாரிகள்.

பயணத்தின் கடினமான கட்டம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளைத் தாண்டிய பிறகுதான். எரிபொருள் போதாது என்பதால் நடுக்கடலில் செயின்ட் பீட்டர், செயின்ட் பால் பாறைகளுக்கு அருகே இறங்கியே ஆக வேண்டும். கேப் வெர்டேயிலிருந்து பாறைகள் இருந்த தூரம் சுமார் 1,700 கி.மீ. உயரம் இருபது மீட்டர்கூட இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஐந்து ஏக்கர் தேறாது.

கப்பலில் இருப்பவர்கள் செக்ஸ்டன்ட் கருவியால் அடிவானத்திலிருந்து சூரியன் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று அளப்பார்கள். சூரியன் நேர் உச்சியில் தெரியும் இடம் அந்த நொடியில் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அங்கிருந்து விலக விலக, சூரியன் தாழ்ந்து தெரியும். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு தாழ்ந்தால், ஒரு கடல் மைல் (1,852 மீட்டர்) விலகியிருக்கிறோம் என்று அர்த்தம். ஓர் அளவு ஒரு வட்டத்தைத் தரும். நாம் அதன்மேல் எங்கோ இருக்கிறோம். சற்று நேரம் கழித்து இன்னோர் அளவு எடுத்து, இடையில் பறந்த தூரத்தையும் கணக்கில் சேர்த்தால், இரண்டும் வெட்டும் இடம்தான் நம் இடம். கடிகாரமும் துல்லியமாக இருக்க வேண்டும்: 4 நொடி பிசகினால், நிலநடுக்கோட்டருகே ஒரு கடல் மைல் தள்ளிப்போகும்.

சரி, விமானத்தில் இதற்கு என்ன தடை? அடிவானம்தான். 300 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அது அரைப் பாகை கீழே இறங்கித் தெரியும். உயரத்தைச் சரியாகக் கணித்துத் திருத்தாவிட்டால், பிழை 50 கி.மீ.க்கு மேல். மூடுபனி என்றால் அடிவானமே கிடையாது.

கூட்டின்யோ அடிவானத்தையே கருவிக்குள் கொண்டுவந்தார். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தில் இருப்பது போன்ற காற்றுக் குமிழியைச் செக்ஸ்டன்ட்டில் பொருத்தினார். குமிழி நடுவில் நின்றால் கருவி கிடைமட்டம். வெளியே கடல் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அப்புறம் காற்று விமானத்தைப் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது என்று அறிய, புகைக்குண்டுகளைக் கடலில் போட்டுப் பார்த்தார்கள். திசையைத் திருத்தும் கணக்குக்கு இருவரும் சேர்ந்தே ஒரு கருவி செய்திருந்தார்கள்.

ஏப்ரல் 18 அன்று, எரிபொருள் கிட்டத்தட்ட தீர்ந்த நிலையில், பாறைகள் கண்ணெதிரே வந்தன. இறங்கும்போது மிதவை உடைந்து விமானம் மூழ்கிவிட்டது. காத்திருந்த போர்க்கப்பல் இருவரையும் காப்பாற்றியது. இரண்டாவது விமானமும் கடலில் போக, மூன்றாவதில்தான் ஜூன் 17 அன்று ரியோ டி ஜெனிரோவை அடைந்தார்கள். என்னைப் பொறுத்தவரை உண்மையான சாதனை ஏப்ரல் 18தான். அவர்களுக்கு வழி தவறவே இல்லை.

குமிழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. விமானம் திரும்பினாலோ வேகம் மாறினாலோ அது நகர்ந்து, பொய்யான கிடைமட்டத்தைக் காட்டும். அதனால்தான் இரண்டாம் உலகப் போர்க்காலக் குமிழிச் செக்ஸ்டன்ட்களில், இரண்டு நிமிடம்வரை தொடர்ந்து அளந்து சராசரி காணும் பொறியமைப்பைச் சேர்த்தார்கள்.