முன்னுரிமைக் காத்திருப்பு வரிசை: ‘நிரை’ ஏன் பொருந்தாது?

இலங்கை மலையகத்து ஹற்றனில் நான் கற்பிக்கும் வகுப்புக்கு வந்த மூன்றாவது கைநூலும், வலையமைப்பில் அவசரத் தரவை முந்தவிட்டு மற்றதை நிற்கவைக்கும் ‘பிரையோரிட்டி கியூ’வை ‘முன்னுரிமை நிரை’ என்றே எழுதியிருந்தது. தோட்டத்தில் வளர்ந்த மாணவி ஒருவர் அதைப் படித்துவிட்டு, எட்டு நிரை இருந்தால் எட்டுப் பொதிகள் (தரவுத் துண்டுகள்) ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாகப் போகும் என்று விடை எழுதினார். பிழை அவருடையதன்று; சொல்லினுடையது.

‘கியூ’ பிரெஞ்சு வழியாக வந்தது. இலத்தீன் மூலத்தின் பொருள் வால்.

நிரை பழைய, நல்ல சொல். ஆநிரை என்கிறோம், நம் பாடநூல்களில் அணியின் கிடைவரியும் நிரைதான். மலையகத்திலோ அதற்கு உயிருள்ள பொருள் உண்டு. கொழுந்தெடுப்பவர் ஒவ்வொருவரும் தமக்குரிய நிரையைப் பிடித்து ஏறுவார். ஒருவர் மற்றவருக்காக நிற்பதில்லை. அதே பெண்கள் பின்னர் மடுவத்தில் கூடையோடு, முன்னால் நிற்பவரின் கொழுந்து நிறுக்கப்படும்வரை நிற்கிறார்களே, அதுதான் கியூ. காத்திருத்தல் இல்லையேல் கியூ இல்லை.

செபிர் (Zephyr) என்னும், சிறு கருவிகளுக்கான உட்பொதி பணிசெயல் முறைமை இதைத் தெளிவாகவே காட்டுகிறது. அதில், பொதிகளை முன்னுரிமைப்படி பிரித்து அனுப்பும் போக்குவரத்து வகுப்புகளின் எண்ணிக்கையை நாமே குறிக்கலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் காத்திருப்பும் அதைக் கவனிக்கும் தனி இழையும் (தனித்து ஓடும் நிரற்பகுதியும்) அமையும். எண்ணிக்கையை 0 என்று வைத்தால் பொதி எங்கும் நில்லாமல் நேரே, வலையமைப்பு வன்பொருளை இயக்கும் டிரைவரிடம் போய்விடும். அப்போது இல்லாமற்போவது காத்திருப்பு. ‘நிரை’ என்ற சொல்லால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே முடியாது.

‘முன்னுரிமை வரிசை’ என்று மட்டும் எழுதுவதும் போதாது. அதைப் படிப்பவர் தரவரிசை என்றே கொள்வார். எண் ஏற ஏற முன்னுரிமையும் ஏறும் என்று நினைப்பார். வலையமைப்புப் பொதிகளுக்கு முன்னுரிமை எண் தரும் 802.1Q தரநிலையிலுள்ள 0 முதல் 7 வரையான எட்டு மதிப்புகளில் 1, பின்னணிப் போக்குவரத்துக்கு உரியது. அது 0-க்கும் கீழே நிற்கிறது. இரண்டே வகுப்புகள் என்றால் 0 முதல் 3 வரை ஒன்றிலும், 4 முதல் 7 வரை மற்றதிலும் சேர்கின்றன. ஒரே வகுப்புக்குள் முதலில் வந்த பொதியே முதலில் போகும். அங்கே முன்னுரிமைக்கு வேலையில்லை. தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் இதே ஆங்கிலப் பெயரைத் தாங்கும் பொருளோ, உறுப்புகளை முன்னுரிமைப்படி வெளியே தரும் ஒற்றைக் கட்டமைப்பு. இவ்விரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லில் அடைப்பவர்கள் அகராதியைப் பார்க்கிறார்களேயன்றி, கருவி என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை. மாணவர் இழக்கும் நாட்களை யார் கணக்கில் வைப்பது?

ஆகவே வலையமைப்பில் ‘முன்னுரிமைக் காத்திருப்பு வரிசைகள்’ என்று பன்மையில் எழுதுகிறேன். நீளம் என்று குறை சொல்பவர்கள், முதன்முறை முழுதாக எழுதியபின் ‘காத்திருப்பு’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘வரிசை’ என்று மட்டும் சுருக்க வேண்டாம்.