எதார்த்தம்: சொல் விளக்கம்

படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் வாயில் அடிக்கடி கேட்கும் பாராட்டு, "மனுஷன் எதார்த்தமா நடிச்சிருக்கார்" என்பது. விமர்சனம் எழுதுகிறவர்கள் அதையே 'யதார்த்தமான நடிப்பு' என்பார்கள். எழுத்துதான் வேறு, சொல் ஒன்றே.

மூலம் வடமொழி. 'யதா' என்றால் எப்படியோ அப்படி. 'அர்த்தம்' என்றால் பொருள். சேர்த்துச் சொன்னால் 'பொருள் உள்ளபடி'. 'எதார்த்தம்' என்று எழுதினால் கொச்சை என்று சிலர் திருத்துவதுண்டு. தேவையில்லை. 'ஆவோடு அல்லது யகரம் முதலாது' என்பது தொல்காப்பியம். அதாவது யானை, யாழ் போல 'யா' மட்டுமே சொல்லுக்கு முதலில் வரும். நன்னூல் பிற்பாடு இதைத் தளர்த்திவிட்டது என்றாலும் நாக்கு பழைய விதியை விடவில்லை. யமன் எமன் ஆனார், யந்திரம் எந்திரம் ஆனது. எதார்த்தமும் அந்த வரிசைதான்.

பேச்சில் இந்தச் சொல் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. "எதார்த்தமாத்தான் கேட்டேன், அவர் தப்பா எடுத்துக்கிட்டார்" என்றால் உள்நோக்கம் இல்லாமல் கேட்டேன் என்று பொருள். 'எதார்த்தமான ஆள்' என்றால் சூதுவாது தெரியாதவர். "கடைத்தெருவில் எதார்த்தமாப் பார்த்தேன்" என்னும்போது தற்செயல் என்றாகிவிடுகிறது. 'எதேச்சை'யோடு கலந்ததால் வந்த பொருளாக இருக்கலாம். நடிப்பைப் பாராட்டும்போது இந்தச் சூதுவாதின்மையும் உள்ளே ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. 'நம்மை அழவைக்க வேண்டும் என்ற திட்டம் அந்த முகத்தில் இல்லை' என்பதுதான் ரசிகர் சொல்ல வருவது.

சொக்கலிங்க பாகவதரை எடுத்துக்கொள்வோம். நாடக மேடையில் பாடி நடித்து வளர்ந்தவர். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்திய காலத்து ஆள். அவர்தான் பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில் தாத்தா. கட்டி முடியாத வீட்டைப் பார்க்க வருகிறார். அறை அறையாக நடக்கிறார், சுவரைக் கையால் தடவிப் பார்க்கிறார். வசனம் கிடையாது, பெரிய முகபாவமும் கிடையாது. ஒரு முதியவர் தன் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார், அவ்வளவுதான். கேமரா இருப்பதே அவருக்குத் தெரியாதோ என்று தோன்றும். இதற்கு நேர் தமிழ் 'இயல்பான நடிப்பு'. 'இயல்பு' பழைய சொல், யாருக்கும் விளக்க வேண்டாத சொல். 'எவ்வகைப் பொருளும் மெய்வகை விளக்கும்' தன்மையணியை, அதாவது எதையும் உள்ளபடியே சொல்லும் கவிதை அணியை, இயல்பு நவிற்சி என்றும் அழைக்கிறோம். கவிதைக்கே பொருந்திய சொல் நடிப்புக்குப் பொருந்தாதா?

ஆனால் 'முதல் மரியாதை' (1985) சிவாஜியையும் அதே 'எதார்த்தம்' என்று பாராட்டும்போது எனக்குச் சின்ன நெருடல். அவரிடம் எவ்வளவு நடிப்பு இருக்கிறது என்று நமக்குத் தெரியும். அதில் பெரும்பகுதியை உள்ளேயே வைத்துக்கொண்டு மலைச்சாமியாக நடமாடுகிறார். அது இல்லாமை அல்ல, அடக்கம். அதற்கு நம்மிடம் கச்சேரி மேடையிலிருந்து வந்த அருமையான வழக்கு இருக்கிறது: அடக்கி வாசிப்பது. பாடுகிறவர் குரலைத் தணிக்கும்போது மிருதங்கக்காரர் செய்வதைப் போல. இயல்பாக நடிப்பவர் எல்லாரும் அடக்கி வாசிப்பதில்லை. இயல்பான மனிதர்கள் கத்தவும் செய்கிறார்களே.

படத்தின் கதையையோ உலகத்தையோ சொல்ல 'இயல்பு' போதாது. அங்கே வாழ்க்கையை உள்ளபடி காட்டும் பாணி (ரியலிசம்) என்ற பொருளில் 'நடப்பியல்' சரியாக இருக்கும். இலக்கிய விமர்சனத்தில் இதற்கு 'யதார்த்தவாதம்' வேரூன்றிவிட்டது. ஈழத்து விமர்சகர்கள் அதிலிருந்து 'இயற்பண்புவாத'த்தை (நேச்சுரலிசம்) வேறாகப் பிரித்தும் எழுதினார்கள். வேரூன்றிய 'யதார்த்தவாத'த்தைப் போய்ப் பிடுங்க வேண்டியதில்லை. தொல்காப்பியத்தில் 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்' என்று ஓர் இணை வருகிறது: புனைந்து சொல்வதும் உலகில் உள்ளபடி சொல்வதும். அது காதலைப் பாடும் அகப்பாட்டைப் பற்றியது. அதற்காக இன்றைய நடிகரை 'உலகியல் வழக்கில் நடித்தார்' என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

அப்புறம், 'தத்ரூபமாக நடித்தார்' என்பதையும் சிலர் இதே பொருளில் எழுதுகிறார்கள். அது வேறு. 'தத்ரூபம்' என்றால் அதே உருவம். ஒரு தலைவரின் நடையையும் குரலையும் அப்படியே கொண்டுவந்தவருக்கு அது பொருந்தும். தமிழில் 'உரித்து வைத்தாற்போல' என்போம். 'வீடு' தாத்தா யாரையும் உரித்து வைக்கவில்லை.