குடும்ப மருத்துவருக்கான மூன்றாண்டுப் பயிற்சி

காரிமங்கலம் பக்கத்தில் குண்டுமல்லி பறிக்கப் போகும் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து, "ஆறு மாசமா இடுப்பும் முட்டியும் குடையுதுங்க மேடம், குனிய முடியல" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வலி மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். தைராய்டு குறைபாடாகவோ, வைட்டமின் டி பற்றாக்குறையாகவோ, மனச்சோர்வாகவோ இருக்கலாம். பல்லாண்டுகளாக ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே குடித்து வந்தவர் என்றால், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை நெடுங்காலமாக வாட்டிவரும் ஃபுளோரைடு பாதிப்பாகவும் இருக்கலாம். எந்தத் துறைக்கு உரியது என்று இன்னும் பிரிபடாத இந்த நிலையில்தான் பெரும்பாலான நோய்கள் முதலில் மருத்துவரிடம் வந்து சேர்கின்றன. அவற்றைக் கையாளக் கற்பிக்கும் தனிச் சிறப்புத் துறையே குடும்ப மருத்துவம். பெயரைக் கேட்டதும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையை நினைத்துக்கொள்பவர்கள் நம் ஊரில் இன்றும் உண்டு; இது வேறு.

எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு இதெல்லாம் தெரியாதா என்ற கேள்வி நியாயமானதே. நாலரை ஆண்டுப் படிப்புக்குப் பின் ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு எல்லாத் துறைகளிலும் பணியாற்றித்தான் அவர் வெளியே வருகிறார். ஆனால் 2021-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அந்த ஓராண்டு பிரிக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும்: சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரங்கள், பொது மருத்துவத்துக்கு 6 வாரங்கள், மனநலத்துக்கு 2 வாரங்கள், தோல் நோய்க்கு ஒரே ஒரு வாரம். படர்தாமரையும் சிரங்கும் வராத நாளே இல்லாத ஒரு கிராமத்து ஓ.பி.க்கு அந்த ஒரு வாரம் எந்த மூலைக்கு?

எனவேதான் எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு மேலும் மூன்று ஆண்டுகள். இந்தியாவில் இதற்குப் பெரிதும் பயன்படும் வழி, நீட் பிஜி என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் டி.என்.பி. குடும்ப மருத்துவம் என்ற பட்டம்; தேசியத் தேர்வு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் இது நடக்கிறது. எம்.டி. பட்டமாகவும் படிக்கலாம், அதை நாட்டில் முதலில் தொடங்கியது கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி. பயிற்சி மருத்துவர் பொது மருத்துவம், குழந்தைகள் நலம், மகப்பேறு, அறுவை சிகிச்சை ஆகிய பெரிய துறைகளில் மாதக்கணக்கிலும், எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, தோல், மனநலம், அவசர சிகிச்சை போன்றவற்றில் அதைவிடக் குறைந்த காலமும் சுழற்சி முறையில் பணியாற்றுகிறார்.

ஒரே வார்டில் நின்றாலும், அவர் கற்க வேண்டியது அத்துறையின் மேற்படிப்பு மாணவர் கற்பதிலிருந்து வேறுபடுகிறது. குழந்தைகள் வார்டில் அபூர்வ நோய்களை நுணுகி ஆராய்வதைவிட, காய்ச்சலோடு தூக்கி வரப்படும் பத்துக் குழந்தைகளில் எந்த ஒன்பதை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம், எந்த ஒன்றை உடனே சேர்க்க வேண்டும் என்று பிரித்தறியும் கண் அவருக்கு வாய்க்க வேண்டும். அஞ்செட்டி, சித்தேரி மலை போன்ற ஒதுக்குப்புற ஊர்களில் தனியாக உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு இதைவிட முக்கியமான திறமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பயிற்சியின் உயிர்நாடி மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் நடக்கும் ஓ.பி.தான். பயிற்சி மருத்துவர் நோயாளியிடம் பேசி, பரிசோதித்து, தன் கணிப்பைச் சொல்வார். மூத்தவர் குறுக்குக் கேள்வி கேட்பார். மேலே சொன்ன பெண்ணுக்குத் தைராய்டு பரிசோதனை எழுதி, கால்சியம் மாத்திரை கொடுக்கலாம் என்று பயிற்சி மருத்துவர் சொன்னால், "எந்தத் தண்ணி குடிக்கிறாங்கன்னு கேட்டீங்களாம்மா? பல்லைப் பாத்தீங்களா?" என்று மூத்தவர் கேட்கக்கூடும். பற்களில் பழுப்புக் கறை, கழுத்தை வளைக்க முடியாத விறைப்பு, எக்ஸ்ரேயில் முன்கையின் இரு எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருத்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் எலும்பு ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு எலும்பில் படிவதால் வரும் நோய்) என்ற சந்தேகம் வலுக்கும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற எண்ணைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தவருக்கும், அதை ஒரு பெண்ணின் இடுப்பு வலியோடு இணைத்துப் பார்க்க இப்படி ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டியிருக்கிறது. முதல் ஆண்டில் ஏறக்குறைய எல்லா நோயாளிகளைப் பற்றியும் இப்படிக் குறுக்குக் கேள்வி உண்டு. அனுபவம் கூடக் கூட, ஐயமுள்ளவர்களைப் பற்றி மட்டும் கலந்து பேசினால் போதும் என்ற நிலை வருகிறது.

குடும்ப மருத்துவம் 1969-இல் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்ட அமெரிக்காவிலும் பயிற்சிக் காலம் மூன்று ஆண்டுகள்தான். அங்கே பயிற்சி மருத்துவர் எந்த வார்டில் இருந்தாலும், தனக்கென ஒதுக்கப்பட்ட குடும்பங்களைத் தம் கிளினிக்கில் மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து பார்த்து வருகிறார். கொடுத்த மருந்து கேட்டதா, கணிப்பு தவறியதா என்பது அதே நோயாளி திரும்பி வரும்போதுதான் தெரியும். நம் பயிற்சி பெரும்பாலும் மருத்துவமனை வார்டுகளைச் சுற்றியே அமைந்திருப்பதால், நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதோடு பாடமும் முடிந்துவிடுகிறது. இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

லாக் புக் (செய்த பணிகளின் பதிவேடு), தீசிஸ் (ஆய்வேடு), எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் மற்ற மேற்படிப்புகளைப் போலத்தான். வீட்டுக்குச் சென்று பார்ப்பதுதான் கூடுதலாக அழுத்தம் பெற வேண்டிய பகுதி. இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 5 ஆகஸ்ட் 2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. கொடுத்த மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அப்படியே அலமாரியில் கிடக்கிறதா என்பது வீட்டில்தான் தெரியும். இவ்விரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் அந்தப் பெண்ணின் வீட்டுக் குடத்தில் நிரம்புவது எந்தத் தண்ணீர் என்பதை ஓ.பி. மேசையில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்க முடியாது.