சனிக்கிழமை மாலை ஆறு மணி

குடியை நிறுத்திய பத்தொன்பதாம் நாள் கொத்தனார் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். கை நடுக்கம் நின்றிருந்தது. விரல்களில் சிமெண்ட் அரித்த வெடிப்புகள் மட்டும் பாக்கி. "மற்ற நாளெல்லாம் சமாளித்துவிடுகிறேன் சார். சனிக்கிழமை மேஸ்திரி கூலியைக் கையில் வைத்ததும் நாக்கு கேட்கிறது" என்றார்.

அவர் உடம்பில் சாராயம் ஒரு சொட்டு இல்லை. ஆனால் கூலி, களைப்பு, பசி, சாலையோரக் கடை எல்லாவற்றையும் மூளை பல வருடங்களாக ஒரே சரமாகக் கோத்து வைத்திருக்கிறது. ஒரு மணியைத் தொட்டால் சரம் முழுவதும் குலுங்கும். 'இவனுக்கு ரோஷமே இல்லை' என்று வீட்டார் திட்டுவது இதைத்தான். ரோஷத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த வேட்கை ஏறும், உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதைக் கடலலையாகப் பார்க்கச் சொன்னார்: எதிர்த்து நிற்க வேண்டாம், அலையோடு ஏறி இறங்கினால் போதும். அதனால் 'இனி ஆயுளுக்கும் தொடாதே' என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. 'ஏழு மணி வரை வேண்டாம்' என்பேன்.

அவருடைய சனிக்கிழமையை ஒரு தாளில் எழுதினோம். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு, பிறகு வெறும் டீ. ஆறு மணிக்கு வயிறு காலி. பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கும் வேட்கையைக் கிளப்பிவிடும் என்பார்கள்; அவரிடம் அந்த நேரத்தில் இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தன. ஐந்து மணிக்கே இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் வேர்க்கடலையும் என்று முடிவானது. கூலியை மேஸ்திரி இனி இவருடைய மனைவியின் கணக்குக்கே அனுப்பிவிடுவார். கடை இல்லாத தெரு வழியாகப் போனால் பத்து நிமிடம் கூடுதல் நடை, போகட்டும். நான்கு வருடங்களாகக் குடிக்காமலிருக்கும் நண்பர் ஒருவரிடம், "குடித்துவிடுவேன் போலிருக்கிறது" என்று கூச்சமில்லாமல் போனில் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் இந்தக் கடைசி ஏற்பாடுதான் அதிகம் கைகொடுக்கிறது.

குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் பலருக்கு உதவுகின்றன. யாருக்கு எது என்பதை ஈரலையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்து மருத்துவர் சொல்ல வேண்டும். குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்து, குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவதும் அப்படித்தான்: முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம், அதைத் தொடர்ந்து புத்தி தடுமாற்றமும் வரலாம். நிறுத்துவதை மருத்துவமனையில் தொடங்குங்கள்.

ஐந்து வாரம் கழித்து வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "போன சனிக்கிழமை வழுக்கிவிட்டது சார்." நான் காரணம் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "கான்கிரீட் போட்டு முடிக்க எட்டு மணி ஆகிவிட்டது. அன்றைக்குப் பழம் வாங்கவில்லை."

பழைய தாளை மேசையில் விரித்தேன். 'ஐந்து மணி' என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், கான்கிரீட் நாளுக்கென்று இன்னொரு வரி சேர்த்தோம்.