பெருவில் ஒரே நாளில் கூடிய ஒரு லட்சம் மரணங்கள்

"பெல்ஜியத்தில் இல்லாத மருத்துவ வசதியா? அங்கே கொரோனா சாவு அவ்வளவு, ஏழை நாடுகளில் குறைவு. அப்படியென்றால் ஆஸ்பத்திரியால் என்ன பயன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில், எல்லா நாடுகளும் ஒரே மாதிரி எண்ணவில்லை. பெல்ஜியம் 2020-இல் முதியோர் இல்லங்களில் பரிசோதனை செய்யாத சந்தேக மரணங்களையும் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்து, பாசிட்டிவ் வந்து 28 நாளுக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணுவது என்று அந்த ஆகஸ்டில் விதியை மாற்றியதும் கணக்கில் 5,000-க்கும் மேல் குறைந்தது. தென் அமெரிக்க நாடான பெருவில் நடந்தது நேர் எதிர். 2021 மே 31 அன்று அரசு தன் கணக்கைத் திருத்தியபோது 69,342 என்றிருந்த எண்ணிக்கை 1,80,764 ஆனது. லட்சம் பேருக்கு ஏறத்தாழ 550 பேர்.

விடுபட்டவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது: மிகை இறப்பு. நோயின் பெயரையே கேட்க வேண்டாம். ஓர் ஊரை வைத்துக்கொள்வோம். ஐந்து வருடங்களாக மே மாதத்தின் இரண்டாவது வாரத்தில் அங்கே 98, 103, 100, 104, 105 பேர் இறந்திருக்கிறார்கள். மெல்லக் கூடிவரும் இந்தப் போக்கைப் பார்த்தால், இந்த வருடம் சுமார் 106 பேர் என்று எதிர்பார்க்கலாம். பதிவேட்டில் 260 இருக்கிறது. சரி, மீதி 154 பேர் எப்படிப் போனார்கள்? பரிசோதனை கிடைக்காமல் கொரோனாவில் இறந்தவர் அதில் இருப்பார். படுக்கை காலியில்லாமல் மாரடைப்பில் இறந்தவரும் இருப்பார். நோயோடு சேர்த்து மருத்துவ அமைப்பின் தடுமாற்றமும் அந்த ஒரே எண்ணில் பதிவாகிவிடுகிறது! கணக்கு மறுபக்கமும் போகும். எல்லையை மூடிய நியூசிலாந்தில் 2020-இல் ஃப்ளூ காய்ச்சலும் அடங்கியதால், எதிர்பார்த்ததைவிடக் குறைவானவர்களே இறந்தார்கள்.

2020, 2021 இரண்டு வருடங்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் இப்படிப் போட்ட மதிப்பீடு சுமார் 1.49 கோடி. நாடுகள் அறிவித்ததோ 54 லட்சம்தான். பல நாடுகளில் இறப்புப் பதிவே முழுமையாக இல்லாததால் இதிலும் பெரும்பகுதி ஊகம். தடுப்பூசி ஆய்வுக்குக் கோடிகளை ஒதுக்குவது சரிதான். ஆனால் இறப்பைப் பதியும் குமாஸ்தாவுக்கும் அவருடைய கம்ப்யூட்டருக்கும் பணம் ஒதுக்காதது பெரிய தவறு என்பேன்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வரலாம். கொரோனா முதியவர்களைத்தான் அதிகம் கொன்றது. பெரு, பெல்ஜியத்தைவிட மிக இளமையான நாடு. வயதை மட்டும் பார்த்தால் அங்கே சாவு குறைந்திருக்க வேண்டும். ஆனால் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் போதவில்லை, ஆக்சிஜனும் போதவில்லை. தலைநகர் லிமாவில் காலி சிலிண்டரோடு சொந்தக்காரர்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள்.