தாயகச் சாதகம்: ‘ஹோம் அட்வான்டேஜ்’ என்னும் சொல் பனித்தளத்தில் எதைக் குறிக்கிறது?

தன் ஊரிலோ தன் நாட்டிலோ களமிறங்கும் விளையாட்டு வீரர், வேற்றிடத்தில் பெறுவதைவிடச் சிறந்த முடிவைப் பெறும் போக்கை ‘ஹோம் அட்வான்டேஜ்’ என்கிறார்கள். இதற்கு ஆய்வாளர்கள் பெரிதும் எடுத்தாளும் வரையறையை 1992ஆம் ஆண்டில் கோர்னேயா, கேரன் என்னும் இருவர் தந்தனர். உள்ளூரிலும் வெளியூரிலும் சம எண்ணிக்கையில் ஆட்டங்கள் நடைபெறும் தொடரில், உள்ளூர் அணிகள் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் வெல்வதே இந்தச் சாதகம் என்பது அதன் சாரம். கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் அளவெடுத்துத் தைத்தது போன்ற இந்த வரையறை, ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் பனிச்சறுக்குக் கலைப் போட்டிக்குச் சிறிதும் பொருந்துவதில்லை. அங்கே உள்ளூர் ஆட்டம், வெளியூர் ஆட்டம் என்ற சுழற்சி இல்லை. எதிரணி என்று ஒன்று தளத்தில் நிற்பதும் இல்லை. ஒருவரோ ஓர் இணையோ தனியே சறுக்கி முடித்ததும் நடுவர்கள் மதிப்பெண் இடுகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே இச்சொல்லை அந்தப் போட்டிக்குக் கொண்டுசெல்லும்போது அதன் பொருளைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. ‘ஹோம்’ என்பது உறைவிடம், சிற்றூர் என்னும் இரு பொருளையும் தந்த ‘ஹாம்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. ‘அட்வான்டேஜ்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் மூலமான ‘அவான்’ என்பதற்கு ‘முன்’ என்று பொருள். பிரெஞ்சு வடிவத்தில் இல்லாத டகர ஒலி, அச்சொல்லை வேறொரு இலத்தீன் முன்னொட்டோடு தொடர்புபடுத்திய பிழையால் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் நுழைந்தது. ஆக, சொல்லின் அடிப்பொருள் ‘தன் உறைவிடத்தால் முன்னே நிற்றல்’ என்பதாகும். ஐஸ் ஹாக்கியில் வழங்கும் ‘ஹோம் ஐஸ்’ இதன் கிளை வழக்கு. ஆனால் அங்கே அது வெறும் மனநிலை அன்று. ஆட்டம் நிற்கும் இடைவேளையில் வீரர்களை மாற்றும்போது, எதிரணி யாரை இறக்குகிறது என்று பார்த்த பிறகு தன் ஆட்களை இறக்கும் உரிமையை விதியே உள்ளூர் அணிக்கு அளிக்கிறது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் மதிப்பெண்ணைத் தொடும் அப்படிப்பட்ட விதி எதுவும் இல்லை. அங்கே சாதகம் இருக்குமாயின், அது விதிக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

தமிழில் இதற்கு வழங்கும் சொற்கள் பல. நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் ‘சொந்த மண்’ என்பது மிகவும் பழகிவிட்டது. ‘சொந்த மண்ணில் வெற்றி’ என்று எழுதாத நிருபர் இருக்க மாட்டார். பனித்தளத்துக்கு மண் பொருந்துமா என்று கேட்பது விதண்டாவாதம். ‘மண்’ இங்கே நாட்டுக்கு ஆகுபெயர். அட்வான்டேஜுக்குச் ‘சாதகம்’, ‘அனுகூலம்’ என்னும் இரண்டுமே வழக்கில் உள்ளன. அனுகூலம் என்னும் வடசொல்லின் உள்ளே இருக்கும் ‘கூலம்’ கரையைக் குறிப்பது. கரையை ஒட்டிச் செல்வது என்பதிலிருந்து ஒத்துப்போவது, உதவுவது என்று பொருள் விரிந்தது. சாதகமும் வடமொழி வரவே. ஆனால் அதற்குப் ‘பாதகம்’ என்னும் எதிர்ச்சொல் தமிழில் கூடவே வாழ்கிறது. சாதகபாதகம் என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். நாம் பேசவிருக்கும் நிகழ்வு இரு பக்கமும் சாயக்கூடியது என்பதால், இரண்டில் சாதகமே எனக்கு ஏற்புடையது.

கருத்தைப் பொறுத்தவரை இது தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளில் இடனறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பலரும் மேற்கோள் காட்டுவது ஆழ்நீர் முதலையைப் பற்றிய குறளை; எனினும் இங்கே நெருங்கிப் பொருந்துவது, ‘சிறைநலனும் சீரும் இலரெனினும் மாந்தர் உறைநிலத்தோடு ஒட்டல் அரிது’ என்னும் 499ஆம் குறளாகும். அரணும் பிற சிறப்புகளும் இல்லாதவரே ஆனாலும், அவர் வாழும் நிலத்துக்கே சென்று அவரைத் தாக்குவது கடினம் என்பது அதன் பொருள். ‘ஹாம்’ என்பதற்கு நேர் நிகராக ‘உறைநிலம்’ நிற்கிறது. உறைதல் என்பது தங்கி வாழ்வதையும் நீர் பனிக்கட்டியாவதையும் ஒருங்கே குறிப்பதால், பனித்தளப் போட்டிக்கு ‘உறைநிலச் சாதகம்’ என்று பெயரிட ஆசை எழுகிறது. ஆயினும் அது சொல்விளையாட்டில் மயங்குவதாகும்; அன்றாட எழுத்தில் படிப்பவர் தடுக்கி விழுவார்.

‘உள்ளூர்ச் சாதகம்’ என்பதோ வேறொரு காரணத்தால் பிசகுகிறது. இந்தப் போட்டியில் ‘ஊர்’ எது? ஜப்பானின் யுசுரு ஹன்யூ பல ஆண்டுகள் கனடாவின் டொரான்டோவில் பயிற்சி பெற்றார். அவர் நாள்தோறும் சறுக்கிய பனி அங்கேதான் இருந்தது. இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு 2010ஆம் ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக்கின் பனி நடனப் போட்டி. தங்கம் வென்ற கனடாவின் டெஸ்ஸா வெர்ச்சு, ஸ்காட் மோயர் இணையும், வெள்ளி வென்ற அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் இணையும் அமெரிக்க மாநிலமான மிச்சிகனில் ஒரே தளத்தில், ஒரே பயிற்சியாளர்களிடம் கற்றவர்கள். பழகிய பனி என்று பார்த்தால் இருவருக்கும் அது பொது. மாறுபட்டவை அரங்கில் நிறைந்திருந்த கூட்டமும் கொடியுமே. 221.57க்கு 215.74 என்ற இடைவெளியில் கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அன்று வெர்ச்சு, மோயரின் சறுக்கல் தன் பலத்திலேயே வெல்லத் தக்கதாக இருந்தது என்பதே என் எண்ணம். ஆனால் ‘ஹோம்’ என்பது இங்கே ஊரும் அன்று, பயிற்சித் தளமும் அன்று, நாடு என்பது தெளிவாகிறது. எனவே ‘தாயகச் சாதகம்’ என்பதே பொருத்தம்.

இனி அந்தச் சாதகம் எந்த வழியாக மதிப்பெண்ணுக்குள் நுழைகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பெரிய போட்டிகளில் 9 நடுவர்கள் இருப்பார்கள். ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் அவர்கள் இன்று −5 முதல் +5 வரை தர மதிப்பு இடுகிறார்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு எஞ்சியவற்றின் சராசரி எடுக்கப்படுகிறது. தாவியது எந்த வகைத் தாவல், சுற்று முழுமையடைந்ததா என்பவற்றைத் தனியொரு தொழில்நுட்பக் குழு காணொளியைத் திரும்ப ஓட்டிப் பார்த்து முடிவு செய்கிறது. அந்த இடத்தில் ஆரவாரத்துக்கு வேலை குறைவு. தர மதிப்பில் அதற்குச் சிறிது இடமுண்டு. அமைப்பு, வெளிப்பாடு, சறுக்குத் திறன் என்னும் பொதுக்கூறுகளுக்கு இடப்படும் மதிப்பெண்ணில்தான் அது தாராளமாக உலவ முடியும். ஏனெனில், ‘அரங்கைத் தன்பால் ஈர்த்தார்’ என்பதைக் காதால் கேட்ட பிறகு கண் அதை மறுப்பது எளிதன்று.

இது வெறும் ஊகமும் அன்று. கால்பந்து நடுவர்கள் 40 பேருக்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகளைச் சிலருக்கு ஒலியோடும் சிலருக்கு ஒலியின்றியும் காட்டிய நெவில், பால்மர், வில்லியம்ஸ் ஆகியோர், கூட்டத்தின் ஓசையைக் கேட்டவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 விழுக்காடு குறைவாகவே தவறுகளை அறிவித்தனர் என்று 2002இல் வெளியிட்டனர். அதே மூவர் 1908 முதல் 1998 வரையிலான குளிர்கால ஒலிம்பிக் முடிவுகளை ஆராய்ந்து, கடிகாரமோ அளவுகோலோ தீர்ப்புச் சொல்லும் போட்டிகளைவிட, ஃபிகர் ஸ்கேட்டிங் போன்று நடுவர் கணிப்பால் முடிவாகும் போட்டிகளில் தாயகச் சாதகம் வலுவாகத் தென்படுகிறது என்று முன்பே காட்டியிருந்தனர். ஒருகாலத்தில் இப்போட்டியின் பெயருக்கே காரணமான பகுதி ஒன்று இருந்தது: கால்விளிம்பால் பனியில் வட்டங்களையும் வளைவுகளையும் வரைய, நடுவர்கள் குனிந்து அந்தக் கோடுகளைப் பார்த்து மதிப்பிடுவார்கள். 1990க்குப் பிறகு அது கைவிடப்பட்டது. அந்த அமைதியான பகுதிக்குக் கரவொலி எழுப்ப எவரும் வந்ததில்லை என்றே சொல்லலாம்.

இங்கே இன்னொரு சொல்லோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முக்கியம். நடுவர் தன் நாட்டுப் போட்டியாளருக்குக் கூடுதலாக இடுவது ‘நாட்டுச் சார்பு’. அது போட்டி எந்த நாட்டில் நடந்தாலும் நிகழக்கூடியது. பொருளியலாளர் எரிக் சிட்ஸ்விட்ஸ் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் வெடித்த நடுவர் ஊழலுக்குப் பின் நடுவர்களின் பெயரை மதிப்பெண்ணோடு இணைத்துக் காட்டாமல் மறைத்த சீர்திருத்தம் அந்தச் சார்பைக் குறைக்கவில்லை என்று காட்டினார். 2014இல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த ஒலிம்பிக்கின் பெண்கள் போட்டியில் இவ்விரண்டும் ஒன்றாகப் பின்னிக்கொண்டன. குறும்பகுதிக்குப் பின் கொரியாவின் கிம் யுனா 74.92, ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவா 74.64, முழுநீளப் பகுதியில் சோட்னிகோவாவுக்கு 149.95, கிம்முக்கு 144.19. அரங்கம் ரஷ்யக் கொடிகளால் நிறைந்திருந்தது. சோட்னிகோவா ஏழு மும்முறைத் தாவல்களும் கிம் ஆறும் செய்தனர் என்பது உண்மை. ஒரு தொடர்தாவலின் முடிவில் சோட்னிகோவா இரு கால்களையும் ஊன்றி இறங்கினார் என்பதும் உண்மை. தாவல் கணக்கை ஏற்றுக்கொள்பவர்கள்கூட, பொதுக்கூறுகளில் இருவருக்கும் இடையே இவ்வளவு குறைந்த வேறுபாடு எப்படி வந்தது என்று கேட்டார்கள்; அக்கேள்வி நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அது கூட்டத்தின் வேலையா, நடுவர் குழுவின் சார்பா, நேர்மையான கணிப்பா என்பதை அன்றைய மதிப்பெண் தாளிலிருந்து அறிய வழியில்லை. எந்த நடுவர் எதை இட்டார் என்பதே மறைக்கப்பட்டிருந்தது. அந்த மறைப்பு 2016இல்தான் நீக்கப்பட்டது.

கூட்டத்தின் ஆதரவு எல்லோருக்கும் உதவுவதில்லை. 2006 தூரின் ஒலிம்பிக்கில் 19 வயது கரோலினா கோஸ்ட்னர் இத்தாலியின் கொடியேந்தி நடந்தார். போட்டியில் ஒன்பதாம் இடமே கிடைத்தது. அதே அரங்கில் பார்பரா ஃபூசார்-போலி, மவுரிட்சியோ மார்காலியோ என்னும் இத்தாலியப் பனி நடன இணை முதல் பகுதிக்குப் பின் முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பகுதியின் இறுதி நொடிகளில், மார்காலியோ தன் துணையைத் தூக்கிச் சுழற்றும்போது பிடி தளர்ந்து இருவரும் விழுந்தனர். இசை முடிந்த பிறகு ஃபூசார்-போலி அசையாமல் நின்று தன் துணையை முறைத்த காட்சி பலருக்கு இன்றும் நினைவிருக்கும். பதக்கம் கை நழுவியது. உளவியலாளர் பாமைஸ்டரும் ஸ்டைன்ஹில்பரும் 1984இலேயே, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஆதரவான கூட்டமே ஆட்டக்காரரைத் தடுமாறச் செய்யலாம் என்று எழுதினர். பாதகம் சாதகத்தின் நிழலாக வருவது இந்த இடத்தில்தான்.

உடலளவிலும் ஒரு சிறு இடையூறு உண்டு. வேகமான காலடித் தொடரின்போது கூட்டம் தாளத்துக்குக் கைதட்டும். பனித்தளம் 60 மீட்டர் நீளமுள்ளது. ஒலி அதைக் கடக்க ஏறத்தாழ ஆறில் ஒரு நொடி ஆகிறது. தளத்தின் மறுமுனையிலிருந்து வரும் தட்டல் ஒலிபெருக்கியின் தாளத்தோடு ஒட்டாமல் பின்தங்கி விழும். ஆயிரக்கணக்கானோர் சேரும்போது அது இழுபட்டு, இசையையே பின்னுக்கு இழுப்பது போலத் தோன்றும். கூட்டம் மகிழ்ந்து தட்டுகிறது. சறுக்குபவர் எந்தத் தாளத்தில் அடியெடுத்து வைப்பது என்று அந்த நொடியில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இடத்தையும் கூட்டத்தையும் பிரித்துக் காட்டும் நிகழ்வுகள் அரிதாகக் கிடைக்கின்றன. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெருந்தொற்றின் காரணமாகப் பொதுமக்களுக்கு நுழைவுச்சீட்டு விற்கப்படவில்லை. அழைக்கப்பட்ட சிலரே அரங்கில் இருந்தனர். அப்போதும் சீனாவின் சூய் வென்ஜிங், ஹான் சோங் இணை 239.88 பெற்று, 239.25 பெற்ற ரஷ்யாவின் தராசோவா, மொரோசொவ் இணையை 0.63 புள்ளியில் முந்தியது. நாடு இருந்தது, திரள் இல்லை. மறுபுறம், 2019இல் ஜப்பானின் சைத்தாமாவில் நடந்த உலகப் போட்டியில் திரளும் நாடும் சேர்ந்தே ஹன்யூவின் பக்கம் இருந்தன. அவர் 300.97 பெற்று முடித்ததும் அவருடைய ரசிகர்கள் வழக்கம்போல் வீசிய கரடிப் பொம்மைகள் பனியெங்கும் குவிந்தன. அவற்றைப் பொறுக்கி முடித்த தளத்தில் அடுத்து இறங்கிய அமெரிக்காவின் நேதன் சென் 323.42 பெற்று வென்றார்.

ஆகவே சொல்லாட்சியில் இரண்டையும் பிரித்தே வழங்குவது நல்லது. போட்டி நடக்கும் நாட்டைச் சேர்ந்தவர் என்பதால் கிட்டும் மேல்நிலையைத் ‘தாயகச் சாதகம்’ என்றும், நாடு எதுவாயினும் பார்வையாளர் திரள் காட்டும் பரிவை ‘அரங்க ஆதரவு’ என்றும் எழுதலாம். ‘சொந்த மண்ணின் ஆதரவால் வென்றார்’ என்னும் தொடர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவதோடு, காரணத்தையும் தானே முடிவு செய்துவிடுகிறது. ‘தாயகத்தில், அரங்க ஆதரவோடு சறுக்கி வென்றார்’ என்று எழுதினால் செய்தி முழுமையாகச் சென்று சேரும். மதிப்பெண் தாள் சொல்லாத எதையும் நாம் சேர்த்ததாக ஆகாது. ஐஸ் ஹாக்கியின் ‘ஹோம் ஐஸ்’ விதிவழி உரிமை என்பதால், அதற்கு இவ்விரண்டையும் பயன்படுத்தாமல் ‘உள்ளூர் அணியின் இறுதி மாற்றுரிமை’ என்று விரித்தே எழுதலாம்.