பாட்டை நிறுத்திவிட்டுத்தான் துணி வெட்டுவார்

கிளிநொச்சியில் நான் இருக்கும் வீட்டுக்கு எதிரே ஒரு தையல்காரம்மா இருக்கிறார். காலை எட்டு மணிக்கு மெசினில் உட்கார்ந்தால் ரேடியோவும் கூடவே தொடங்கிவிடும். செய்தி, பழைய பாட்டு, மரண அறிவித்தல் எல்லாம் மெசின் சத்தத்தோடு கலந்து ஒழுங்கை முழுக்கக் கேட்கும். இடையிடையே ரேடியோ மட்டும் நின்றுபோகும். கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகொரு நாள் சட்டை தைக்கக் கொடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். துணியை மேசையில் விரித்துச் சோக்கால் கோடு போட்டவர், கத்தரிக்கோலை எடுக்கும் முன் எட்டி ரேடியோவை நிறுத்தினார். வெட்டி முடித்து மெசினுக்குப் போனதும் மறுபடி போட்டார்.

ஏன் என்று கேட்டேன். "வெட்டுப் பிழைச்சா துணிக்காசு நான்தான் குடுக்கோணும், பிள்ளை. மனசுக்குள்ள அளவை வச்சுக்கொண்டு நிக்கேக்க ரேடியோக்காரன் கதைச்சா பதினாலரை பதினாறரை ஆகிடும்."

உளவளத்துணையாளராக வன்னியில் வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, பாட்டுக் கேட்டுக்கொண்டு படிக்கலாமா, வேலை செய்யலாமா என்பது. போன மாதம்கூட உயர்தரம் படிக்கும் மகனை ஒரு தாய் கூட்டிவந்தார். (ஆட்களின் விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.) "எந்த நேரமும் காதுக்குள்ள வயர், மிஸ். புத்தகம் மடியில, பாட்டு காதில. என்னத்தைப் படிக்கிறான்?" மகன் நிலத்தைப் பார்த்தபடி, "பாட்டு இல்லாட்டி இருந்து படிக்கேலாது" என்றான். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அந்த வீட்டுக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

படிக்கும்போதும் கணக்குப் பார்க்கும்போதும் நாம் உள்ளுக்குள் கதைத்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஒரு போன் நம்பரைக் கேட்டு, அழுத்தி முடிக்கும்வரை வாய்க்குள் முணுமுணுப்போமே, அந்த இடம். ஆலன் பாடலி என்ற பிரித்தானிய உளவியலாளர் அதை ஒலி வளையம் என்ற பொருள்படும் பெயரால் குறித்தார். மிகச் சிறிய இடம் அது. வெளியிலிருந்து வரும் பேச்சு கேட்டுக் கேள்வியில்லாமல் அதற்குள் புகுந்துவிடும். பாட்டின் வரியும் பேச்சுத்தான். தையல்காரம்மாவின் பதினாலரை தடுமாறுவது அங்கேதான். தைக்கும்போது அவருக்கு அந்த இடம் தேவையே இல்லை. அது கைக்கும் காலுக்கும் பழகிப்போன வேலை.

இதைச் சொன்னால் பெடியங்கள் உடனே, "நான் கேக்கிறது கொரியன் பாட்டு மிஸ், எனக்கு ஒரு சொல்லும் விளங்காது" என்பார்கள். 1976இல் கோல், வெல்ஷ் என்ற இருவர் இதைத்தான் சோதித்தார்கள். எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, மாணவர்களுக்கு விளங்காத ஜெர்மன் மொழியில் ஒரு பகுதியை வாசிக்கவிட்டார்கள். விளங்காவிட்டாலும் பிழைகள் கூடின. பொருள் காதில் விழவேண்டியதில்லை, மாறிக்கொண்டே இருக்கும் சத்தம் விழுந்தாலே போதும். பிறகு வந்த ஆய்வுகளும், ஒரே மாதிரி நீளும் ஒலியைவிட ஏறி இறங்கி வெட்டி வெட்டி வரும் ஒலிதான் அதிகம் குழப்புகிறது என்றே காட்டின.

நம்பாவிட்டால் வீட்டில் செய்து பாருங்கள். யாரையாவது எட்டு இலக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, பத்து விநாடி கழித்து வரிசைப்படி எழுதுங்கள். மின்விசிறிச் சத்தத்தில் பத்துத் தரம், பிடித்த பாட்டோடு பத்துத் தரம், ஒவ்வொரு முறையும் வேறு இலக்கங்கள். நான் புத்திமதி சொல்வதைக் குறைத்துக்கொண்டு இப்போது இதைத்தான் செய்விக்கிறேன். தன் கையெழுத்தில் தன் பிழையைப் பார்த்த பெடியனுக்கு என் விளக்கம் தேவைப்படுவதில்லை.

எனக்கே இது நடந்திருக்கிறது. ஒருநாள் பாட்டைப் போட்டுக்கொண்டு ஓர் அறிக்கை தட்டச்சு செய்தேன். 'குடும்ப நிலவரம்' என்று வரவேண்டிய தலைப்பு 'குடும்ப நிலவே' என்று மேலதிகாரியிடம் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அறிக்கை எழுதும்போது ஃபேன் மட்டும்தான்.

ஃபேன் என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் கவனத்தைக் கெடுப்பது பெரும்பாலும் திடீரென்று கிளம்பும் சத்தங்கள்: சந்தியில் ஹோர்ன், நாய், பக்கத்து வளவுச் சண்டை, கோயில் லவுட்ஸ்பீக்கரில் 'ஹலோ, மைக் டெஸ்டிங்'. முழு அமைதியில் இவை ஒவ்வொன்றும் ஆளைத் தூக்கிப்போடும். சீரான ஓர் இரைச்சல் அடியில் ஓடினால் அதற்குள் பாதி அமுங்கிவிடும். மழைச்சத்தம், வயல் பம்பின் சத்தம் எல்லாம் அந்த வகை. போனில் 'வெள்ளை இரைச்சல்', 'பழுப்பு இரைச்சல்' என்று கிடைப்பதும் அதுவே. வெள்ளை என்றால் கனத்ததும் மெல்லியதுமான எல்லா அதிர்வெண் ஒலிகளும் சம அளவில், நிலையம் பிடிபடாத பழைய ரேடியோ இரைவதுபோல 'ஸ்ஸ்' என்று. பழுப்பில் கனத்த ஒலிகள் ஓங்கியிருக்கும். இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறந்த நாளில் தூர நின்று கேட்டவர்களுக்கு அது தெரிந்த சத்தம்தான். கவனக்குறைபாடுள்ள சில பிள்ளைகளுக்கு வெள்ளை இரைச்சல் உதவியதாக 2007இல் சுவீடனில் ஓர் ஆய்வு வந்தது. அதே ஆய்வில் மற்றப் பிள்ளைகளுக்கு அது இடைஞ்சலாகவும் இருந்தது. ஆகவே அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சரிவந்தது உங்கள் பிள்ளைக்கும் சரிவரும் என்று இல்லை.

'மூளையைக் கூர்மையாக்கும் இசை' என்று யூடியூபில் வருவதைப் பற்றியும் கேட்பார்கள். அதன் வேர் 1993இல் வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. 36 கல்லூரி மாணவர்கள், பத்து நிமிட மொசார்ட் இசை, அதன்பின் காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி விரியும் என்பது போன்ற வடிவக் கணக்குகளில் சிறு முன்னேற்றம். அதுவும் கால் மணித்தியாலத்துக்குள் போய்விட்டது. பின்னால் ஆராய்ந்தவர்கள், மனம் உற்சாகமானதுதான் காரணம், மொசார்ட் கட்டாயமில்லை என்றார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம், இசையைக் கேட்டது வேலைக்கு முன்னால் என்பதுதான். ஒரு பாட்டை முழுதாக ரசித்துக் கேளுங்கள், எழும்பி ஆடினாலும் சரி, அப்புறம் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள். காசு கட்டி இறக்கும் 'மூளை அலை' இசையெல்லாம் வேண்டாம்.

கைவேலை வேறு. அருவி வெட்டுக்கு, அதுதான் நெல் அறுவடைக்கு, பாட்டில்லாமல் வன்னி வயலில் இறங்கிய காலம் உண்டா? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940இல், பிபிசி வானொலி தொழிற்சாலைகளுக்கென்றே நாளுக்கு இரண்டு தரம் இசை ஒலிபரப்பத் தொடங்கியதும் அதே காரணத்துக்காகத்தான். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறவருக்குப் பாட்டு அலுப்பைத் தள்ளிப்போடும். தைப்பவர், பீடி சுற்றுபவர், கருவாடு பிரிப்பவர் எல்லாரும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். எங்கள் ஊருக்கென்று ஒன்று இருக்கிறது.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஓர் இளைஞர், வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறவர். வெளிச்சத்தத்தை அடியோடு மறைக்கும் ஹெட்செட் ஒன்றைத் தவணைக்கு வாங்கினார். அதைப் போட்டதிலிருந்து வேலை இன்னும் மோசமாகிவிட்டது என்று வந்தார். ஐந்து நிமிடத்துக்கொரு தரம் தன்னையறியாமல் திரும்பிக் கதவைப் பார்க்கிறாராம். "சத்தம் கேக்காட்டித்தான் மிஸ், பயமாக் கிடக்கு." போர் முடிந்த 2009இல் அவருக்குப் பத்து வயது. செல்லடி ஓய்ந்த இடைவெளியில்தான் காது அதிகம் கூர்ந்திருக்கும், அடுத்தது எங்கே விழும் என்று. காவல் காக்கப் பழகிய காதைப் பொத்தினால் மீதி உடம்பு காவலுக்கு எழும்பிவிடுகிறது. மேசையைத் திருப்பிக் கதவைப் பார்க்கப் போட்டோம். சத்தம் மறைப்பதை நிறுத்தி, ஒரு காதை வெளியில் விட்டு, மழைச்சத்தம் மெல்லியதாக. முன்பைவிட வேலை நகர்கிறது என்கிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு பெண்ணுக்கு நேர்மாறு. நான் கேட்கச் சொன்ன பழுப்பு இரைச்சலை அரை நிமிடத்தில் கழற்றிவிட்டார். "வண்டு மாதிரி இரையுது." ஆளில்லா விமானத்துக்கு அந்த நாளில் நாங்கள் வைத்த பெயர் அது. இங்கே இருக்கும் நானே அதை யோசிக்காமல் கொடுத்தது என் பிழை. இப்போது யாருக்கும் ஒலியைத் தெரிந்து கொடுப்பதில்லை. நாலைந்தைப் போட்டுக்காட்டி, உடம்பு எதற்கு இளகுகிறது என்று அவர்களையே சொல்லவிடுகிறேன். சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, இரவு நித்திரை இல்லாதது, கதவைப் பார்த்துக்கொண்டே இருப்பது எல்லாம் சேர்ந்திருந்தால் கவனத்துக்கு மருந்து தேடவேண்டாம். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வாருங்கள்.

ஒலியின் அளவு பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணித்தியாலம் 80 டெசிபல் வரை என்கிறது, சிறுவர்களுக்கு 75. 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான். ஒரு கை தூரத்தில் இருப்பவர் சாதாரணமாகக் கதைப்பது கேட்காத அளவுக்கு இயர்போனைக் கூட்டியிருந்தால் அது அதிகம். ஏற்கெனவே செல் வெடிப்பில் காது அடிபட்டவர்கள், காதுக்குள் கீச்சென்று இரைகிறவர்கள் முதலில் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயும் மகனும். இலக்கச் சோதனையில் பாட்டோடு தடுமாறியதை மகன் ஒத்துக்கொண்டான். பிறகு ஏன் போடுகிறாய் என்று கேட்டதற்கு, தாயை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான்: ஹோலில் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை நாடகம் போகிறது. அழுகையும் சண்டையும் இடியும் மின்னலும். அதைக் கேட்பதற்குப் பாட்டு மேல் என்றுதான் காதை அடைக்கிறான்.

தாய் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு கைப்பையின் சிப்பை இழுத்து மூடியபடி, "மூண்டு நாடகத்தில எதை விடுறது, மிஸ்?" என்று என்னிடம் கேட்டார். இரண்டை விடுவதாகவும், மிச்சமுள்ள ஒன்றை மகனின் வயரைத் தான் காதில் போட்டுக்கொண்டு பார்ப்பதாகவும் முடிவானது.